முதல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் உருவான கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1974-இல் வெளிவந்த முதல் தலைமுறை கோல்ஃப் பற்றித்தான் இந்தப் பக்கம். அடுத்தடுத்த தலைமுறைகள் தேவைப்படும் இடத்தில் மட்டும் எட்டிப் பார்க்கும். கார் மெக்கானிசம் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்று எழுதியது. தெரிந்தவர்கள் சில பத்திகளைத் தாண்டிப் போகலாம்.

கோல்ஃபுக்கு முன்னால் ஃபோக்ஸ்வேகன் எப்படி இருந்தது?

வெளியே ராஜாவாக, உள்ளே கவலையோடு. 1972 பிப்ரவரி 17 அன்று ஃபோக்ஸ்வேகனின் பீட்டில் கார் எண்ணிக்கையில் ஃபோர்டின் மாடல் டி-யை முந்தியது. ஒன்றரைக் கோடிக்கும் மேல் ஒரே மாதிரிக் கார். கம்பெனி அதைப் பெரிய விழாவாகக் கொண்டாடியது. ஆனால் அந்தக் கார் 1930-களில் வரைந்தது. இன்ஜின் பின்னால், காற்றில் குளிர்வது, சத்தம் அதிகம், சாமான் வைக்க இடம் குறைவு, குளிர்காலத்தில் ஹீட்டர் சூடே ஏறாது என்று வாங்கியவர்களே கிண்டல் செய்வார்கள். ஏற்றுமதியில் பெரும்பங்கு அமெரிக்காவை நம்பி இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் டாலருக்கு எதிராக ஜெர்மன் நாணயமான மார்க்கின் மதிப்பு ஏற ஏற, அங்கே விற்ற ஒவ்வொரு காரிலும் லாபம் கரைந்தது.

அவ்வளவு காலம் மாற்றுக் கார் ஒன்றைச் செய்ய யாரும் யோசிக்கவே இல்லையா?

யோசித்தார்கள், நிறையவே. 1948 முதல் 1968-இல் இறக்கும் வரை கம்பெனியை நடத்திய ஹைன்ரிஷ் நோர்ட்ஹோஃப் காலத்தில் மாதிரி வண்டிகள் வரிசையாகச் செய்யப்பட்டன. ஆனால் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கட்டத்தில் நிறுத்தப்பட்டது. 'ஓடுகிற காரை எதற்கு மாற்ற வேண்டும், அதையே திருத்திக்கொண்டு போகலாம்' என்பது அவர் கொள்கை. விற்பனைக்கு வந்த புது மாடல்களான டைப் 3, பிறகு 411 எல்லாமே பின்பக்கக் காற்று இன்ஜின்தான். பெரிய உடம்புக்குள் அதே பழைய சிந்தனை.

நோர்ட்ஹோஃபைத் திட்டுவது இன்று சுலபம். போரில் நொறுங்கிய தொழிற்சாலையை உலகப் பெயராக்கியவர் அவர்தான். அவரை உயர்த்திய பிடிவாதமே கம்பெனியைப் பத்து வருடம் பின்னுக்கும் இழுத்தது.

ஈ.ஏ. 276 என்று ஒன்றைச் சொல்கிறார்களே?

ஈ.ஏ. என்பது கம்பெனிக்குள் மேம்பாட்டுத் திட்டங்களுக்கு வைக்கும் குறியீடு. இது 1969-இல் கம்பெனியின் தலைமையகமான வோல்ஃப்ஸ்பர்க்கிலேயே செய்த ஒரு மாதிரி. முன்சக்கர இழுவை (இன்ஜின் முன்சக்கரங்களைச் சுழற்றுவது), பின்னால் திறக்கும் கதவு, பெட்டி போன்ற வடிவம் என்று பார்த்த மாத்திரத்தில் கோல்ஃபின் தாத்தா என்று சொல்லிவிடலாம். பானெட்டைத் திறந்தால் மட்டும் உள்ளே பீட்டிலின் காற்று இன்ஜின். பாதி ஆறு தாண்டிய கார். வோல்ஃப்ஸ்பர்க் கார் அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது.

அப்படியென்றால் ஈ.ஏ. 266?

அது வேறு கதை, இதைவிடச் சுவையானது. பீட்டிலின் வாரிசைச் செய்துதரச் சொல்லி ஃபோக்ஸ்வேகன் போர்ஷே நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்திருந்தது. அங்கே மேம்பாட்டுத் துறையை நடத்தியவர் ஃபெர்டினாண்ட் பியெக். பீட்டிலை வடிவமைத்த ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் பேரன். பின்னாளில் ஃபோக்ஸ்வேகன் குழுமத்துக்கே தலைவரானவர்.

அவர்கள் கொண்டுவந்த திட்டம்: தண்ணீரால் குளிரும் நான்கு சிலிண்டர் இன்ஜினைப் படுக்கவைத்து, பின் சீட்டுக்கு அடியில் பொருத்துவது. எடை வண்டியின் நடுவில் வருவதால் திருப்பங்களில் ரேஸ் கார் போல ஒட்டிக்கொண்டு போகும். முன்னாலும் சாமான் இடம், பின்னாலும் சாமான் இடம். தாளில் பார்த்தால் அற்புதம்.

சரி, அந்த இன்ஜினை எப்படிச் சர்வீஸ் செய்வது? பின் சீட்டைக் கழற்ற வேண்டும். ஊருக்கு ஊர் இருக்கும் சாதாரண ஒர்க்‌ஷாப்பில், எண்ணெய்க் கறை படிந்த கையோடு ஒருவர் காருக்குள் ஏறி, சீட்டை எடுத்து, மேலிருந்து குனிந்து வேலை பார்ப்பதை நினைத்துப் பாருங்கள். பின்னால் உட்காரும் குழந்தைகளுக்கு நேர் கீழே இன்ஜினின் சூடும் இரைச்சலும். குடும்பக் காருக்கு இது பொருந்துமா என்ற சந்தேகம் கம்பெனிக்குள்ளேயே இருந்தது. ஆனாலும் திட்டம் உற்பத்திக்குப் போகும் நிலையை நெருங்கிவிட்டது.

அதை நிறுத்தியது யார்?

ருடோல்ஃப் லைடிங். நோர்ட்ஹோஃபுக்குப் பின் வந்த கர்ட் லோட்ஸ் 1971 செப்டம்பரில் பதவி விலக, அக்டோபரில் லைடிங் வந்தார். அதற்கு முன் பிரேசில் ஃபோக்ஸ்வேகனையும் பிறகு ஆடியையும் நடத்தியவர், தொழிற்சாலைத் தளத்தின் வாசனை தெரிந்தவர். வந்த சில நாட்களிலேயே ஈ.ஏ. 266-ஐக் கைவிடச் சொன்னார். கொட்டிய பணம் போனது போனதுதான். மாதிரி வண்டிகளை ராணுவ டாங்கிகளை ஏற்றி நசுக்கினார்கள் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது.

கோல்ஃபின் வரலாற்றில் பலரும் வடிவமைப்பாளரைத்தான் கொண்டாடுவார்கள். என்னைக் கேட்டால் முக்கியமான தருணம் இதுதான். தயாராக இருந்த சொந்தச் சரக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்தவரிடம் கற்றதை வைத்து ஆரம்பிக்கலாம் என்று சொல்ல ஒரு தனி மனத்திடம் வேண்டும்.

தண்ணீரால் குளிரும் இன்ஜின் பற்றிய அறிவு எங்கிருந்து வந்தது?

விலைக்கு வாங்கியது! 1960-களின் நடுவில் டைம்லர்-பென்ஸிடமிருந்து ஆட்டோ யூனியனை ஃபோக்ஸ்வேகன் வாங்கியது. இங்கோல்ஷ்டாட்டில் இருந்த அந்தக் கம்பெனிதான் இன்றைய ஆடி. கூடவே வந்தவர் லுட்விக் க்ரௌஸ், மெர்சிடஸில் பயிற்சி பெற்ற பொறியாளர்.

நோர்ட்ஹோஃபுக்கு இங்கோல்ஷ்டாட் வேண்டியிருந்தது கூடுதல் இடமாக மட்டுமே. அங்கேயும் பீட்டில் கட்டச் சொன்னார். புது மாடல் எதையும் உருவாக்கக் கூடாது என்று தடையும் போட்டார். க்ரௌஸ் கேட்கவில்லை. இருக்கிற வண்டியின் உடம்பைத் திருத்துகிறோம் என்ற சாக்கில் மறைவாக ஒரு முழுக் காரையே வளர்த்தார். கடைசியில் நோர்ட்ஹோஃபே அந்த மாதிரியைப் பார்த்துச் சம்மதித்தார். 1968-இல் அது ஆடி 100 என்று வெளியாகி நன்றாக விற்றது.

அப்புறம் 1972-இல் ஆடி 80 வந்தது. அதற்காகச் செய்த இன்ஜின்தான் நமக்கு முக்கியம். வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட் மேலே, அதை ஓட்டுவது பல் வைத்த பெல்ட், எடை குறைவு, அதிவேகச் சுழற்சிக்கு அஞ்சாது. ஈ.ஏ. 827 என்பது அதன் உள்பெயர். 1973-இல் வந்த ஃபோக்ஸ்வேகன் பஸாட், முதுகை மாற்றிய ஆடி 80 என்றே சொல்லலாம். அதே இன்ஜின் அடுத்த வருடம் கோல்ஃபுக்குள் குறுக்காக உட்கார்ந்தது. பிறகு பல பத்தாண்டுகள், பல கோடிக் கணக்கில் அந்தக் குடும்பத்து இன்ஜின்கள் வந்துகொண்டே இருந்தன.

என்.எஸ்.யு. என்ற இன்னொரு ஜெர்மன் கார் கம்பெனியும் 1969-இல் உள்ளே வந்தது. அதன் கே 70 காரை 1970-இல் ஃபோக்ஸ்வேகன் தன் பெயரில் விற்றது. நல்ல கார், விலை அதிகம், பெரிதாக ஓடவில்லை. ஆனால் ஃபோக்ஸ்வேகன் முத்திரையோடு வந்த முதல் முன்சக்கர இழுவைக் கார், தண்ணீர் இன்ஜின் கார் என்ற பெயர் அதற்குத்தான்.

இன்ஜினைக் குறுக்கே வைப்பது யாருடைய யோசனை?

ஜெர்மானியர்களுடையது இல்லை. 1959-இல் பிரிட்டிஷ் மினியில் அலெக் இஸிகோனிஸ் இன்ஜினைக் குறுக்கே வைத்து, கியர்பாக்ஸை அதன் அடியில் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே அடக்கினார். இடம் மிச்சம். ஆனால் இன்ஜினும் கியரும் ஒரே எண்ணெயைப் பங்கு போட்டுக்கொள்ளும், வேலை பார்ப்பதும் கஷ்டம். ஃபியட்டின் டாண்டே ஜாகோசா இதைத் திருத்தினார். இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில். இதனால் கியர்பாக்ஸ் ஓரமாகத் தள்ளிப்போய், இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் போகும் தண்டுகள் ஒன்று குட்டை, ஒன்று நெட்டை ஆகும். ஆகட்டும் என்று விட்டுவிட்டார். முதலில் 1964-இல் ஆட்டோபியாங்கி பிரிமூலா என்ற சின்னக் காரில் சோதனை, பிறகு 1969-இல் ஃபியட் 128-இல் முழு வீச்சில்.

கோல்ஃப் அப்படியே இந்த வழியில்தான் நடந்தது. இன்றைக்குச் சாலையில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றின் பானெட்டைத் திறந்தாலும் ஜாகோசாவின் ஏற்பாடுதான் கண்ணில் படும்.

ஜுஜாரோ எப்படி உள்ளே வந்தார்?

1969 டூரின் கார் கண்காட்சிக்குப் போன லோட்ஸ், தனக்குப் பிடித்த வண்டிகளைக் குறித்துக்கொண்டார். ஆறில் நான்கு ஒரே ஆளுடைய கைவேலை என்று தெரியவந்தது. இத்தாலிய கார் வடிவமைப்பாளர் ஜோர்ஜெட்டோ ஜுஜாரோ, அப்போது முப்பதைத் தாண்டியவர். 1968-இல்தான் ஆல்டோ மான்டோவானியோடு சேர்ந்து இட்டால்டிசைன் என்ற வடிவமைப்பு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார்.

1970 தொடக்கத்தில் அவரை வோல்ஃப்ஸ்பர்க்குக்கு அழைத்தார்கள். அங்கே அவர் கண்டது அக்கக்காகக் கழற்றி வைத்த ஒரு ஃபியட் 128. இதை ஜுஜாரோவே பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார். உலகின் மிகப்பெரிய கார் கம்பெனிகளில் ஒன்று, தன் போட்டியாளரின் காரைத் திருகு திருகாகப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தது. கோல்ஃப் எப்படிப் பிறந்தது என்று ஒரே காட்சியில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

அளவுகளையும் வேண்டிய வசதிகளையும் கம்பெனி கொடுத்தது, உருவத்தை அவர் கொடுத்தார். பீட்டில், கோல்ஃப் இரண்டுக்கும் முன் பின் சக்கர இடைவெளி ஒன்றுதான், 2.40 மீட்டர். ஆனால் பீட்டில் நாலு மீட்டருக்கும் மேல் நீளம், கோல்ஃப் 3.70 மீட்டர்தான். நீளம் குறைந்தும் உள்ளே இடம் கூடியது. நேர்கோடுகள், வளைவு குறைந்த கண்ணாடிகள், பின் கதவுக்கு அருகே அகலமான தூண். அந்தத் தூண் இன்றுவரை ஒவ்வொரு கோல்ஃபிலும் தொடர்கிறது. அவர் வரைந்த செவ்வக ஹெட்லைட்டுகள் மட்டும் நிற்கவில்லை. செலவைக் குறைக்க வட்ட விளக்குகள் வந்தன. அந்த வட்டக் கண்கள்தான் பிறகு காரின் முகமாகவே ஆகிவிட்டன. சிக்கனம் சில சமயம் நல்ல டிசைனர்.

பின் ஆக்சிலைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

எளிமையாக இருந்தும் புதுசாக இருந்ததால். பின் சக்கரங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கை. இரண்டு கைகளையும் இணைப்பது ஒரு குறுக்குப் பட்டை. அந்தப் பட்டை வளையாது, ஆனால் முறுக்கிக்கொள்ளும். அதனால் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதை முழுசாக இழுத்துக்கொண்டு போகாது. தனித்தனி சஸ்பென்ஷனுக்கு ஆகும் செலவு இல்லை, இடமும் அதிகம் பிடிக்காது. மிச்சமான இடத்தில் டிக்கியின் தரை தாழ்வாக வந்தது. ஃபோக்ஸ்வேகன் இதை கோல்ஃபிலும் அதன் உடன்பிறப்பான சிரோக்கோவிலும் கொண்டுவந்த பிறகு உலகமே எடுத்துக்கொண்டது. கடன் வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்ததும் உண்டு என்று இதைக் கணக்கில் வைக்கலாம்.

சிரோக்கோ ஏன் கோல்ஃபுக்கு முன்னால் வந்தது?

இரண்டும் அடியில் ஒரே வண்டி, இரண்டும் ஜுஜாரோ வரைந்தவை. ஸ்போர்ட்டியான சிரோக்கோ 1974 வசந்தத்தில் ஜெனீவாவில் அறிமுகமானது, ஓஸ்னாப்ரூக்கில் கார்மன் தொழிற்சாலையில் குறைந்த எண்ணிக்கையில் கட்டப்பட்டது. ஏதாவது கோளாறு இருந்தால் அதில் முதலில் தெரியட்டும், லட்சக்கணக்கில் விற்கப்போகும் கோல்ஃபில் வேண்டாம் என்ற முன்யோசனை.

1974-இல் ஷோரூமுக்குப் போனவருக்கு என்ன கிடைத்தது?

வோல்ஃப்ஸ்பர்க்கில் மார்ச் 29 அன்று தொடர் உற்பத்தி தொடங்கியது. விற்பனை அந்தக் கோடையில். ஆரம்ப விலை 8,000 மார்க்குக்குச் சற்றே குறைவு. இரண்டு கதவு அல்லது நான்கு கதவு, அதோடு பின் கதவு. 1.1 லிட்டரில் 50 எச்.பி., அல்லது ஆடி வழியில் வந்த 1.5 லிட்டரில் 70 எச்.பி. வண்டியின் எடை 750 கிலோ அளவுதான் என்பதால் 50 எச்.பி. கூடப் போதுமானதாக இருந்தது. அப்போதும் விற்பனையில் இருந்த 1200 பீட்டிலுக்கு வெறும் 34.

அடிப்படை மாடல் ரொம்ப அடிப்படைதான். தொடக்கத்தில் முன்சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான், டிஸ்க் கிடையாது. அதைச் சீக்கிரமே மாற்றினார்கள்.

1973 இலையுதிர்காலத்தில் வந்த எண்ணெய் நெருக்கடியை இங்கே மறந்துவிடக் கூடாது. மேற்கு ஜெர்மனியில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கார் ஓட்டவே தடை. வெறிச்சோடிய ஆட்டோபானில் ஜனங்கள் நடந்துபோன படங்களைப் பார்த்திருப்பீர்கள். குறைவாகக் குடிக்கும் சின்னக் கார் வருவதற்கு அதைவிடப் பொருத்தமான வேளை அமைந்திருக்காது. ஆனால் அது திட்டமிட்டு நடந்தது இல்லை. இன்ஜின், உருவம் எல்லாம் நெருக்கடிக்கு முன்பே முடிவாகிவிட்டன.

அப்படியென்றால் கம்பெனி உடனே நிமிர்ந்துவிட்டதா?

இல்லை. கோல்ஃப் நன்றாக விற்றும் 1974-இல் ஃபோக்ஸ்வேகனுக்கு 80.7 கோடி மார்க் நஷ்டம். பஸாட், சிரோக்கோ, கோல்ஃப், அடுத்து போலோ என்று மொத்த வரிசையையும் ஒரே மூச்சில் மாற்றியதற்கான செலவு, அமெரிக்காவில் விற்பனைச் சரிவு, நெருக்கடியால் சுருங்கிய சந்தை, எல்லாம் ஒரே வருடத்தில் வந்து விழுந்தன. பழியும் சேர்ந்து விழுந்தது லைடிங் மேல். 1975 தொடக்கத்தில் அவர் போய், டோனி ஷ்முக்கர் வந்தார், ஆயிரக்கணக்கான வேலைகளைக் குறைத்தார். 1976-இல் கம்பெனி மறுபடி லாபத்தைப் பார்த்தபோது, அந்த வருடம் அக்டோபரில் பத்து லட்சமாவது கோல்ஃப் உருண்டபோது, ஈ.ஏ. 266-ஐக் கைவிடும் முடிவை எடுத்த லைடிங் பக்கத்தில் இல்லை.

முதல் கோல்ஃப்கள் துருப்பிடித்தன என்பது உண்மையா?

உண்மை. மிக மோசமாகவே. முன் மட்கார்டு ஓரங்கள், கதவுகளின் அடிப்பாகம், கண்ணாடியைச் சுற்றிய விளிம்பு, பெட்ரோல் ஊற்றும் குழாய்ப் பக்கம். ஜெர்மனியில் பனிக்காலச் சாலைகளில் உப்பு தூவுவார்கள், அது வேலையைச் சுலபமாக்கியது. பின்வந்த வருடங்களில் உள்குழிகளில் மெழுகு பூச்சு, நல்ல பாதுகாப்பு எல்லாம் சேர்த்தார்கள். இதனால்தான் 1974, 75 வண்டிகள் இன்று அபூர்வம். சேகரிப்பவர்கள் பின்னால் குனிந்து பார்ப்பது நம்பர் பிளேட்டுக்குக் கீழே உள்ள தகட்டை. அது நடுவில் மடிந்து கூராக இருந்தால் ஆரம்ப கால வண்டி. தகைவிலான் குருவியின் வால் என்பது போல் அதற்கு ஜெர்மன் ரசிகர்களிடம் செல்லப் பெயர்கூட உண்டு.

கோல்ஃபின் வேகமான வடிவமான ஜி.டி.ஐ. யாருடைய திட்டம்?

அதிகாரபூர்வமாக யாருடையதும் இல்லை என்பதுதான் அழகு. பொறியாளர் அல்ஃபோன்ஸ் லோவன்பெர்க், பத்திரிகைத் தொடர்புத் துறையின் ஆன்டன் கொன்ராட் உள்ளிட்ட சிலர் மேலிடத்துக்குத் தெரியாமல் தொடங்கினார்கள். கூடிப் பேசியது கொன்ராடின் வீட்டில். பணமில்லாத கம்பெனியில், எண்ணெய் நெருக்கடி ஆறாத வேளையில், வேகமான காருக்கு யார் பட்ஜெட் ஒதுக்குவார்கள்?

ஒருவழியாக ஒப்புதல் கிடைத்து 1975-இல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் காட்டினார்கள், 1976-இல் விற்பனை. 1.6 லிட்டர், எரிபொருளைத் தெளித்துச் செலுத்தும் முறை, 110 எச்.பி., மணிக்கு 182 கிலோமீட்டர். மொத்தம் 5,000 விற்றால் போதும் என்று கணக்கு. முதல் தலைமுறையிலேயே நாலரை லட்சத்துக்கும் மேல் விற்றது.

அதன் உள்ளே இருந்த கட்டம் போட்ட சீட் துணியும், கோல்ஃப் பந்து வடிவக் கியர் தலையும் குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்ற பெண் வடிவமைப்பாளருடையவை. அதற்கு முன் பீங்கான் ஓவியம், மிட்டாய்ப் பெட்டி வடிவமைப்பு என்று வேலை பார்த்தவர். பந்து யோசனையை அவர் சும்மா வாய்விட்டுச் சொன்னதுதான், உடனே எடுத்துக்கொண்டார்கள்.

டீசல் கோல்ஃப்?

1976. 1.5 லிட்டர், 50 எச்.பி. பெட்ரோல் இன்ஜினையே அடிப்படையாக வைத்துப் பேட்டர் ஹோஃப்பவுவர் என்ற பொறியாளரின் குழு செய்தது. அதுவரை டீசல் கார் என்றால் டாக்ஸிக்கான கனத்த மெர்சிடஸ் என்று நினைத்தவர்களுக்கு, இவ்வளவு சின்ன, ஓரளவு சுறுசுறுப்பான டீசல் ஆச்சரியம். ஜி.டி.ஐ.-க்குக் கிடைத்த புகழ் இதற்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஐரோப்பியக் குடும்பங்களை டீசல் பக்கம் திருப்பியதில் இதன் பங்கு அதிகம்.

கிழக்கு ஜெர்மனியில் கோல்ஃப் ஓடியதா?

ஓடியது. 1978 வாக்கில் கிழக்கு ஜெர்மன் அரசு 10,000 கோல்ஃப்களை வாங்கியது. பெரும்பாலானவை கிழக்கு பெர்லினுக்குப் போயின. உள்நாட்டுச் சின்னக் காரான டிராபான்டுக்குப் பல வருடம் காத்திருந்த மக்களுக்கு நடுவில் அது சாதாரண விஷயம் இல்லை.

போட்டிக் கம்பெனிகள் என்ன செய்தன?

கொஞ்ச காலம் பார்த்தன, பிறகு பின்தொடர்ந்தன. ஓப்பல் கேடட் 1979-இலும், ஐரோப்பிய ஃபோர்டு எஸ்கார்ட் 1980-இலும் முன்சக்கர இழுவைக்கு மாறின. இந்த அளவுக் கார்களை ஜெர்மனியில் இன்றும் 'கோல்ஃப் வகுப்பு' என்றே சொல்கிறார்கள்.

முதல் தலைமுறை எப்போது நின்றது?

ஜெர்மனியில் 1983-இல் இரண்டாம் தலைமுறை வந்தது. கன்வெர்டிபிள் மட்டும் 1993 வரை பழைய உருவிலேயே தொடர்ந்தது. அமெரிக்காவில் 'ராபிட்' என்ற பெயரில் விற்று, 1978 முதல் பென்சில்வேனியாவில் கட்டவும் செய்தார்கள், பத்து வருடத்தில் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. நீண்ட ஆயுள் தென்னாப்பிரிக்காவில். சிட்டி கோல்ஃப் என்ற பெயரில் 1984-இல் தொடங்கி 2009 வரை, யூட்டன்ஹேக் ஆலையில் அதே ஜுஜாரோ உருவம்.

பீட்டிலை கோல்ஃப் முந்தியது எப்போது?

2002 ஜூனில், 2 கோடியே 15 லட்சத்தைத் தாண்டியபோது என்று கம்பெனி அறிவித்தது. எனக்கு இந்தக் கணக்கில் கொஞ்சம் இடறல் உண்டு. பீட்டில் கடைசிவரை அடிப்படையில் ஒரே கார். கோல்ஃபோ அதற்குள் நான்கு தலைமுறை மாறி, பெயரைத் தவிர எல்லாமே வேறாகிவிட்டது. முதல் தலைமுறையை மட்டும் எண்ணினால் சுமார் 68 லட்சம்.

இந்தியாவில் கோல்ஃப் விற்றார்களா?

சாதாரண கோல்ஃப் இங்கே முறையாக விற்கப்படவில்லை. இதே தளத்தில் பிறந்த ஜெட்டாவும், புனே அருகே சாக்கனில் கட்டிய போலோவும்தான் நமக்குப் பரிச்சயம். 2025-இல் கோல்ஃப் ஜி.டி.ஐ. மட்டும் முழு இறக்குமதியாக, மிகக் குறைந்த எண்ணிக்கையில், ஐம்பது லட்சம் ரூபாய்க்கு மேலான விலையில் வந்தது. குடும்பக் கார் என்று அதைச் சொல்ல முடியாது.

ஜுஜாரோவின் கைவண்ணம் வேண்டுமென்றால் அதை நம் தெருக்களிலேயே பார்த்திருப்பீர்கள். 1990-களின் ஃபியட் ஊனோ அவர் வரைந்ததுதான். தேவூ மாட்டிஸும் அவருடைய இட்டால்டிசைன் பட்டறையில் பிறந்தது.